184 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம், 417 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரம்

திருச்சியிலிருந்து இலங்கையின் இரண்டு ஊர்களுக்கு நேரடி விமானம் உண்டு. ஒன்று கொழும்பு, இன்னொன்று யாழ்ப்பாணம். நேர்கோட்டில் அளந்தால் கொழும்புக்கான கட்டுநாயக்கா விமான நிலையம் ஏறக்குறைய 417 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துக்கான பலாலி 184 கிலோமீட்டர்தான், பாதிக்கும் குறைவு. ஆனால் டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரம் இரண்டுக்குமே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்.

இன்னொரு கணக்கும் இடிக்கும். சென்னையிலிருந்து பலாலி 354 கிலோமீட்டர். திருச்சி–பலாலி தூரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்கான பயண நேரம் சுமார் ஒன்றேகால் மணி நேரம். இரு தடங்களிலும் பறப்பது ஒரே வகை விமானம். தூரம் இரண்டு மடங்காகியும் நேரம் கால் மணிதான் கூடுகிறது.

பேருந்திலோ ரயிலிலோ இப்படி நடக்காது. தூரம் பாதியானால் நேரமும் ஏறக்குறைய பாதியாகும். அந்தப் பழக்கத்தில்தான் நாம் விமானத்தையும் எடைபோடுகிறோம். குறுந்தூர விமானப் பயணத்தில் நேரத்தைத் தீர்மானிப்பது தூரம் இல்லை. புறப்படும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் நடக்கும் வேலைகள். ஆட்டோவில் மினிமம் சார்ஜ் இருப்பது போல விமானத்துக்கும் ஒரு குறைந்தபட்ச நேரம் உண்டு. அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அதைக் கட்டிய பிறகுதான் கிலோமீட்டர் கணக்கே தொடங்குகிறது.

தூரத்தை நாமே போட்டுப் பார்க்கலாம்

முதலில் தூரம். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அதிகாரபூர்வமான ஒரு புள்ளி உண்டு. பெரும்பாலும் அது ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டி இருக்கும். அந்தப் புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகைதான் அந்த விமான நிலையத்தின் முகவரி. 'சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் இத்தனை கிலோமீட்டர்' என்று சொல்லும்போது ஊருக்கு ஊர் அளப்பதில்லை. மீனம்பாக்கத்து ஓடுபாதைக்கும் பலாலி ஓடுபாதைக்கும் நடுவே அளக்கிறார்கள். பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்குப் போக மேலும் பதினாறு, பதினேழு கிலோமீட்டர் சாலை இருக்கிறது என்பது அந்தக் கணக்கில் வராது.

பூமி உருண்டை என்பதால் இரண்டு இடங்களுக்கு நடுவே மிகக் குறுகிய வழி, உருண்டையின் மேல் வளைந்து போகும் ஒரு வில். சென்னை–லண்டன் மாதிரி நீண்ட தூரத்தில் இந்த வளைவைத் தட்டையான வரைபடத்தில் பார்த்தால் விசித்திரமாகத் தெரியும். பாக் நீரிணையைத் தாண்டும் அளவு தூரத்தில் வளைவுக்கும் நேர்கோட்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

சென்னை–பலாலி தூரத்தைக் கண்டுபிடிக்கக் கணிப்பானே வேண்டாம். இரண்டுமே ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 80 பாகைக் கிழக்கை ஒட்டி, ஒன்றுக்கு நேர் தெற்கே மற்றொன்று என்று அமைந்திருக்கின்றன. சென்னையின் அட்சரேகை சுமார் 12 பாகை 59 நிமிடம். பலாலியுடையது 9 பாகை 47 நிமிடம். கழித்தால் 3 பாகை 12 நிமிடம். ஒரு பாகைக்கு 60 நிமிடம், ஆக மொத்தம் 192 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல். கடல் மைல் என்ற அளவே அப்படிப் பிறந்ததுதான். எனவே தூரம் 192 கடல் மைல். ஒரு கடல் மைலுக்கு 1,852 மீட்டர் என்று பெருக்கினால் சுமார் 356 கிலோமீட்டர் வருகிறது.

மேலே 354 என்று சொல்லிவிட்டு இப்போது 356 என்கிறேனே என்று கேட்கலாம். பூமி முழு உருண்டை இல்லை. துருவங்களில் கொஞ்சம் தட்டை, நடுவில் கொஞ்சம் பருமன். அதனால் நிலநடுக்கோட்டுக்கு அருகே அட்சரேகையில் ஒரு நிமிடம் சுமார் 1,843 மீட்டர்தான், துருவத்தருகே 1,862 மீட்டர். நாம் நிலநடுக்கோட்டுப் பக்கம் இருப்பவர்கள். உண்மையான வடிவத்தை வைத்துக் கணக்கிட்டால் 354, பூமியை முழு உருண்டையாக எடுத்துக்கொண்டால் 356. ஒரே தடத்துக்கு ஓரிடத்தில் ஒரு எண்ணும் இன்னோரிடத்தில் வேறு எண்ணும் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இரண்டு கிலோமீட்டர் என்பது விமானத்துக்குப் பதினைந்து விநாடி. சண்டை போட வேண்டியதில்லை.

இப்படிப் பலாலியை நடுவில் வைத்து அளந்துகொண்டே போனால் சில விஷயங்கள் சுவாரசியமாக இருக்கின்றன. திருச்சி 184 கிலோமீட்டர். மதுரை 217, அதுவும் பலாலியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, கிழக்கு மேற்காகக் கோடு போட்டால் போதும். தூத்துக்குடி 254. கட்டுநாயக்கா 290. கொழும்பு நகரை ஒட்டிய இரத்மலானை 329. அதாவது யாழ்ப்பாணத்துக்குத் தன் நாட்டுத் தலைநகரைவிடத் திருச்சி, மதுரை, தூத்துக்குடி மூன்றுமே நெருக்கம். சென்னையோ கோயம்புத்தூர் அளவுக்குத் தொலைவு; இரண்டுமே 350–360 கிலோமீட்டர் வட்டத்தில்தான் வருகின்றன. ஆனால் 2019இல் பலாலிக்கு முதலில் விமானம் வந்தது சென்னையிலிருந்து. திருச்சிக்கு அந்த வாய்ப்பு 2025 மார்ச் கடைசியில்தான் கிடைத்தது. விமானத் தடங்களை நிர்ணயிப்பது அருகாமை இல்லை, பயணிகளின் எண்ணிக்கை.

பறக்கும் நேரம் வேறு, பயண நேரம் வேறு

டிக்கெட்டில் 'புறப்பாடு 1.55, வருகை 3.10' என்று இருந்தால், விமானம் 1.55க்கு வானில் ஏறும் என்று அர்த்தமில்லை. நிறுத்துமிடத்தில் சக்கரங்களுக்கு அடியில் முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். அதை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நேரம்தான் புறப்பாடு. அந்தப் பக்கம் போய் நின்று மறுபடி முட்டுக்கட்டை வைக்கும் நேரம் வருகை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ளதை விமானத் துறையில் பிளாக் டைம் என்பார்கள். சக்கரம் தரையை விட்டு எழுந்ததிலிருந்து மறுபடி தரையைத் தொடும் வரை உள்ளது பறக்கும் நேரம். பயணிக்குக் கொடுக்கப்படுவது எப்போதும் முதலாவதுதான்.

இந்தியாவும் இலங்கையும் இப்போது ஒரே நேரத்தில் இருப்பதால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் போதும். எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1996இல் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது, அதே ஆண்டிலேயே அரை மணி நேரம் பின்னால் இழுத்தது, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டில் திருச்சி–கொழும்பு அட்டவணையைப் படித்தவர்கள் அரை மணி நேரத்தைக் கூட்டிக் கழித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

சரி, திருச்சி–பலாலி தடத்துக்கு வருவோம். இங்கே பறப்பது ஏடிஆர் 72 வகை விமானம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு புரொப்பெல்லர், எழுபது, எண்பது பேர் உட்காரலாம். இண்டிகோவின் விமானத்தில் 78 இருக்கைகள்; சென்னையிலிருந்து பலாலிக்கு முதலில் வந்த அலையன்ஸ் ஏர் விமானத்தில் 70. நல்ல உயரத்தில் சீராகப் பறக்கும்போது இதன் வேகம் மணிக்குச் சுமார் 510 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 184 கிலோமீட்டரைக் கடக்க 22 நிமிடம் போதும். அட்டவணையோ ஒரு மணி நேரம் என்கிறது. மீதி 38 நிமிடம் எங்கே போனது?

முதல் பங்கு தரையில் போகிறது. கதவை மூடி, தள்ளி, இன்ஜினை இயக்கி, ஓடுபாதையின் முனைவரை ஊர்ந்து, முன்னால் இறங்கும் விமானம் ஒதுங்கும் வரை காத்திருந்து புறப்பட வேண்டும். திருச்சியில் இதற்குப் பத்து நிமிடம் போதும். சென்னையில் நெரிசலான நேரத்தில் இருபதைத் தாண்டலாம். அந்தப் பக்கம் பலாலியில் இறங்கியதும் சில நிமிடங்களில் நிறுத்துமிடம் வந்துவிடும், சின்ன விமான நிலையத்தின் சௌகரியம் அது.

அடுத்த பங்கு ஏறுவதிலும் இறங்குவதிலும் போகிறது. இதுதான் பலருக்கும் தெரியாத பகுதி. 510 கிலோமீட்டர் வேகம் சீராகப் பறக்கும்போது மட்டும்தான். ஏறும்போது விமானம் அதைவிட நிதானமாகத்தான் முன்னேறும், சக்தியின் பெரும்பங்கு உயரத்துக்குப் போய்விடும். இறங்குவதற்கு விமானிகள் மனக்கணக்காக வைத்திருக்கும் ஒரு விதி உண்டு: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல். 15,000 அடியில் பறந்தால் ஊருக்கு 45 கடல் மைல், அதாவது 83 கிலோமீட்டர் முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். ஏறுவதற்கும் ஏறக்குறைய அதே தூரம் பிடிக்கும். இரண்டையும் கூட்டினால் 160 கிலோமீட்டருக்கு மேல். மொத்தத் தூரமே 184. சீராகப் பறப்பதற்கு மிச்சமிருப்பது இருபது கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மூன்று நிமிடம். திருச்சியில் ஏறிய விமானம் அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கம் கரையைத் தாண்டும்போதே இறங்குவதற்குத் தயாராகிக்கொண்டிருக்கும். உபசரிப்புக்கு நேரமில்லை என்று பணிப்பெண்கள் அவசரப்படுவது சோம்பலால் அல்ல.

ஜெட் விமானத்துக்கு இது இன்னும் கொடுமை. 36,000 அடியில் பறப்பதற்காக வடிவமைத்த ஏர்பஸ் ஏ320 அங்கிருந்து இறங்க மட்டும் 108 கடல் மைல், 200 கிலோமீட்டர் வேண்டும். திருச்சி–பலாலி முழுத் தூரமும் அதற்கு இறங்கவே போதாது! பாதி உயரத்துக்குக்கூடப் போக முடியாமல், தன் வேகத்தைக் காட்ட வழியில்லாமல், எரிபொருளை அதிகமாகக் குடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். போதாக்குறைக்குப் பத்தாயிரம் அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 250 கடல் மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு வேறு. அந்த உயரத்தில் ஏடிஆருக்கும் ஏர்பஸுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. 417 கிலோமீட்டருள்ள கொழும்புத் தடத்தில் ஜெட் கொஞ்சமாவது மூச்சு விடலாம். அதனால்தான் இரு மடங்குக்கும் அதிகமான தூரத்தை அதே ஒரு மணி நேரத்தில் முடிக்கிறது.

காற்று எங்கிருந்து வருகிறது என்பதும் கணக்கில் உண்டு

வழியில் அடிக்கும் காற்று பெரிய விஷயமில்லை. சென்னை–பலாலித் தடத்தில் எதிர்க்காற்று 25 நாட் அடித்தாலும் கூடுவது நான்கு நிமிடம்தான். ஐரோப்பாவுக்குப் போகும் விமானத்தில் இதே காற்று அரை மணி நேரம் வரை மாற்றிவிடும். குறுந்தூரத்தில் அதற்கு வேலை செய்ய அவகாசமே கிடைப்பதில்லை.

ஓடுபாதைமேல் அடிக்கும் காற்றுதான் இங்கே முக்கியம். விமானம் பொதுவாகக் காற்றை எதிர்த்து ஏறும், காற்றை எதிர்த்தே இறங்கும். திருச்சியின் ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. பலாலி தென்கிழக்கே. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கிழக்கு நோக்கி ஏறினால் லேசாக வலப்பக்கம் திரும்பியதும் வழி கிடைத்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆடி மாதத்தில் கதை வேறு. மேற்கு நோக்கி, அதாவது யாழ்ப்பாணத்துக்கு முதுகைக் காட்டி ஏறி, அப்புறம் வட்டமடித்துத் திரும்ப வேண்டும்.

பலாலியிலும் இதே கதைதான். அங்கே ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காகப் படுத்திருக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும்போது தென்மேற்கு நோக்கி இறங்க வேண்டும் என்பதால், விமானம் காங்கேசன்துறைக் கடற்கரைப் பக்கம் போய், கடலுக்கு மேல் சுற்றி, வடகிழக்கிலிருந்து உள்ளே வரும். இறங்கும் கடைசிக் கட்டத்தில் ஏடிஆரின் வேகம் மணிக்கு 210, 220 கிலோமீட்டருக்குக் குறைந்துவிடும். அந்த வேகத்தில் பத்துக் கிலோமீட்டர் சுற்றினால் மூன்று நிமிடம் போய்விட்டது. இரண்டு முனையிலும் சாதகமில்லாத திசை அமைந்தால் ஏழெட்டு நிமிடம் கூடும். முழுத் தடத்துக்கும் கணக்குப்படி 22 நிமிடமே ஆகவேண்டிய இடத்தில் ஏழெட்டு நிமிடம் என்பது மூன்றில் ஒரு பங்கு.

இது தவிர, நடுவில் ஒரு எல்லை இருக்கிறது. நாட்டு எல்லை இல்லை, வான்வெளி நிர்வாக எல்லை. சென்னையின் கட்டுப்பாட்டில் உள்ள வான்பகுதியிலிருந்து கொழும்பின் கட்டுப்பாட்டில் உள்ள வான்பகுதிக்கு விமானத்தைக் கைமாற்ற வேண்டும். அதற்கென்று வகுத்த புள்ளிகள் வழியாகத்தான் பாதை போகும். உண்மையில் பறக்கும் தூரம் எப்போதும் நேர்கோட்டுத் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

தாமதத்தை முன்கூட்டியே விற்கிறார்கள்

இத்தனையையும் கூட்டினாலும் திருச்சி–பலாலி பல நாட்களில் ஐம்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடக்கூடிய பயணம். அட்டவணையில் ஒரு மணி நேரம் போடுவதற்குக் காரணம் விமான நிறுவனத்தின் முன்ஜாக்கிரதை. ஒரு ஏடிஆர் ஒரே நாளில் பல ஊர்களுக்குப் போய்வரும். காலையில் ஓரிடத்தில் இருபது நிமிடம் தாமதமானால் அந்தத் தாமதம் சாயங்காலம் வரை ஊர் ஊராகத் தொற்றிக்கொண்டே போகும். அதை உறிஞ்சிக்கொள்ள ஒவ்வொரு தடத்திலும் ஐந்து, பத்து நிமிடம் உபரியாக வைக்கிறார்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. விமானத் துறையில் குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் 'சரியான நேரம்' என்றே எடுத்துக்கொள்வார்கள். அட்டவணையிலேயே பத்து நிமிடம் கூட வைத்திருந்தால், உண்மையில் இருபத்தைந்து நிமிடம் பிந்தினாலும் புள்ளிவிவரத்தில் நல்ல பெயர்தான். 'பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்' என்று விமானி அறிவிக்கும்போது கைதட்டத் தோன்றும். அந்தப் பத்து நிமிடம் நம்மிடமே முன்பணமாக வாங்கியது. இதில் ஏமாற்று வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அட்டவணையில் இருக்கும் நேரத்தை இயற்பியல் கணக்கு மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. அதில் ஒரு பங்கு நிர்வாகக் கணக்கு.

அதனால்தான் தூரத்தை வைத்து நேரத்தைச் சொல்லும் பொதுச் சூத்திரங்கள் இந்தத் தடங்களில் தடுக்கி விழுகின்றன. வழக்கமான சூத்திரம் எளிது: தூரத்தை 800ஆல் வகுத்து, மேலே அரை மணி நேரம் கூட்டு. ஜெட் விமானத்தை மனதில் வைத்துப் போட்டது. திருச்சி–பலாலிக்கு இது 44 நிமிடம் என்கிறது, சென்னை–பலாலிக்கு 57 நிமிடம். இரண்டுமே அட்டவணையைவிடக் கால் மணி நேரத்துக்கு மேல் குறைவு. ஏடிஆர் பறக்கும் தடங்களுக்கு நான் வைத்துக்கொள்ளும் கணக்கு வேறு: தூரத்தை 500ஆல் வகுத்து 35 நிமிடம் கூட்டுவது. திருச்சி–பலாலிக்கு 57 நிமிடம் வரும், சென்னை–பலாலிக்கு 77. சென்னை–சேலம் நேர்கோட்டில் 265 கிலோமீட்டர். அதற்கு 67 நிமிடம் வரும். அட்டவணைக்கு அருகிலேயே நிற்கிறது.

இந்த 500 நான் மட்டும் பிடித்த எண் இல்லை. சிறு நகரங்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தை இந்திய அரசு 2016இல் அறிவித்தபோது, 'சுமார் ஒரு மணி நேரப் பயணத்துக்கு, அதாவது ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்கு 2,500 ரூபாய்' என்றுதான் கட்டண உச்சவரம்பை விளக்கியது. ஒரு மணி நேரம் சமம் 500 கிலோமீட்டர். ஏடிஆரின் சீரான வேகம் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஏறி இறங்கும் நேரத்தைச் சேர்த்தால் எந்த ஏடிஆரும் 500 கிலோமீட்டரை அட்டவணைப்படி ஒரு மணி நேரத்தில் முடிக்காது.

எரிபொருளிலும் இதே மினிமம் சார்ஜ்தான். கிட்டத்து ஊர்தானே, கொஞ்சம் ஊற்றினால் போதும் என்று விட முடியாது. போய்ச் சேருவதற்கான எரிபொருள், அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையத்துக்குப் போக வேண்டிய எரிபொருள், அங்கே போயும் மேலே அரை மணி நேரம் சுற்றுவதற்கான கடைசிக் கையிருப்பு என்று எல்லாம் இருந்தால்தான் புறப்படலாம். கார்த்திகை மழையில் பலாலி மூடிக்கொண்டால் போகக்கூடிய மாற்று இடங்கள் திருச்சி, சென்னை, கட்டுநாயக்கா போன்றவை. இத்தனை குறுகிய தடத்தில், பயணத்துக்கு வேண்டியதைவிட 'ஒருவேளை' என்பதற்காகச் சுமக்கும் எரிபொருள்தான் அதிகம்.

டக்கோட்டா காலமும் நம் காலமும்

பலாலி புது விமான நிலையம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனம் 1947 டிசம்பரில் தன் சேவையைத் தொடங்கியபோது, இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குத்தான் தன் முதல் விமானத்தை அனுப்பியது. அப்போது பறந்தது டக்கோட்டா என்ற பழைய புரொப்பெல்லர் விமானம். அதன் சீரான வேகம் மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் முதல் 330 வரை. சென்னை–பலாலி தூரத்தை அந்த வேகத்தில் வகுத்தால் ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும். ஏறி இறங்கும் நேரத்தைச் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம், கொஞ்சம் கூடலாம். இன்றைய அட்டவணை ஒன்றேகால் மணி நேரம். எண்பதாண்டு விமானத் தொழில்நுட்பம் இந்தத் தடத்தில் மிச்சம் பிடித்துக் கொடுத்தது கால் மணியோ இருபது நிமிடமோதான்.

நடுவே பல பத்தாண்டுகள் அந்த நேரமே கேள்விக்கு இடமில்லாமல் போனது. போர்க்காலத்தில் பலாலி ராணுவ வளாகமானது. சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர்களின் காணிகளில் ஒரு பகுதி போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ளேயே இருந்தது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் சென்னைக்கு வர வேண்டுமானால், முதலில் 400 கிலோமீட்டர் தெற்கே கொழும்புக்குப் போக வேண்டும். பாதை திறந்திருந்த நாட்களிலேயே அது இராப்பயணம். பிறகு கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, வந்த வழிக்கு இணையாகவே வடக்கே பறந்து சென்னையில் இறங்க வேண்டும். மருத்துவத்துக்கும் கல்யாணத்துக்கும் சிதம்பர தரிசனத்துக்கும் ஒருநாள் முழுக்கப் போய்விடும். 2019 அக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டதும், நவம்பரில் சேவை முறையாகத் தொடங்கியதும் மாற்றியது இதைத்தான். கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்றுபோய், 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து வந்தது. 354 கிலோமீட்டரை 75 நிமிடத்தில் கடப்பது பெரிய வேகம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நாளை 75 நிமிடமாக்கியது பெரிய விஷயம்.

வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால் அந்த 75 நிமிடமும் சிறுபான்மைதான். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வார்கள். குடியேற்றச் சோதனை இரண்டு பக்கமும் உண்டு. அப்புறம் பலாலியிலிருந்து நகரத்துக்குச் சாலை. திருச்சி நகரில் கிளம்பி யாழ்ப்பாணம் நகருக்குள் நுழைய எப்படியும் ஐந்தரை, ஆறு மணி நேரம். அதில் கடலைத் தாண்டும் நேரம் பத்துப் பதினைந்து நிமிடம். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் சுமார் 110 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் கடக்கிறது. சோதனை நேரங்களைச் சேர்த்தாலும், டெல்டா மாவட்டத்துக்காரர்களுக்கு விமானமா கப்பலா என்பது நேரத்தைப் பொறுத்த கேள்வியாக இல்லை. கடல் கொந்தளிப்பையும் மூட்டையின் எடையையும் பொறுத்த கேள்வி.

இதே கணக்கை உள்நாட்டில் போட்டால் விமானம் இன்னும் தோற்கும். சென்னை–திருச்சி நேர்கோட்டில் 293 கிலோமீட்டர். விமானத்தில் ஒரு மணி நேரம் சொச்சம். எழும்பூரில் ஏறினால் வந்தே பாரத் நான்கு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகத் திருச்சி ஜங்ஷனில் விடுகிறது. மீனம்பாக்கத்துக்குப் போகும் நேரம், அங்கே காத்திருக்கும் நேரம், திருச்சியில் வெளியே வரும் நேரம் எல்லாம் சேர்ந்தால் மிச்சமாவது கொஞ்சமே. சிங்கப்பூரிலிருந்தோ டெல்லியிலிருந்தோ வந்து சென்னையில் மாறுகிறவருக்குத்தான் அந்த விமானம்.

யாழ்ப்பாணத்துக்கு ரயில் போட்டி இல்லை. அதனால் அடுத்த பேச்சு ஓடுபாதையைப் பற்றித்தான். பலாலிக்கு இப்போது வருபவை ஏடிஆர் அளவு விமானங்கள். ஓடுபாதையை நீட்டி ஏர்பஸ் இறங்க வழி செய்ய வேண்டும் என்ற கோரிக்கை இருக்கிறது. அதற்குக் காணி வேண்டும், காணி யாருடையது என்ற பழைய வழக்கும் கூடவே வரும். தூத்துக்குடியில் இது நடந்து முடிந்திருக்கிறது. அங்கே 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டது. 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டது. சென்னை–தூத்துக்குடி 527 கிலோமீட்டர். ஏடிஆரில் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டிய பயணம், ஏர்பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் அளவுக்குக் குறையும். 527 கிலோமீட்டரில் மிச்சம் கால் மணி என்றால், 184 கிலோமீட்டரில் மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பலாலி ஓடுபாதை நீண்டாலும் திருச்சி விமானம் அதே ஒரு மணி நேரம்தான் காட்டும். மாறப்போவது வேறு: 78 இருக்கைக்குப் பதில் 180 இருக்கை, கூடுதல் பெட்டிகளுக்கு இடம், அதைவிட முக்கியமாக, ஏடிஆர் எட்ட முடியாத வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் நேரடித் தடம். அப்படி ஒரு தடம் வந்தால், இன்று வெளிநாடு போக யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ வந்து விமானம் மாறுகிறவர்களில் ஒரு பகுதியினர் இந்த 184 கிலோமீட்டர் விமானத்தில் ஏறவே மாட்டார்கள்.